நேரத்துக்குப் போனால் அவர்கள் விமானம்

விமான நிலையக் கவுண்டர் வேலை என்பது, நம் கையில் இல்லாத எல்லாவற்றுக்கும் காலையிலிருந்து சாயங்காலம் வரை 'ஸாரி சார்' சொல்வது. மழைக்கு ஸாரி, பனிமூட்டத்துக்கு ஸாரி, பெங்களூரில் யாரோ ஒரு பைலட்டுக்கு வயிறு சரியில்லை என்றால் அதற்கும் இங்கே திருவனந்தபுரத்தில் ஸாரி. மின்வாரியத்தில் புகார் போனை எடுப்பவர்கள், பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள், வங்கியில் 'சர்வர் டவுன்' என்று சொல்லிவிட்டு அடி வாங்காமல் தப்பிப்பவர்கள், எல்லோரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால், நாங்கள் ஏன் உண்மையாகச் சிரிப்பதே இல்லை என்பதாவது புரியும்.

எங்கள் கம்பெனிக்கு மைனா ஏர் என்று பெயர். பெரிய கம்பெனி ஒன்று டில்லி, லண்டன், பிராங்க்பர்ட் என்று பெரிய பெரிய விமானங்களை ஓட்டிக்கொண்டிருந்தது. அவற்றில் ஆள் நிரம்ப வேண்டுமே? திருவனந்தபுரம் மாதிரி ஊர்களில் பயணிகளைச் சின்ன விமானத்தில் அள்ளிக்கொண்டு போய், பெங்களூரில் பெரிய விமானத்தின் வாசலில் இறக்கிவிடுவதற்காக அவர்கள் பெற்றுப் போட்ட பிள்ளைதான் மைனா. தொழிலில் இதற்கு ஃபீடர் என்று பெயர். ஊட்டிவிடுகிறவர்கள் நாங்கள், சதை போடுகிறவர்கள் அவர்கள்.

நான் லதா, திருவனந்தபுரம் ஆரியசாலைக்காரி. அப்பா மிளகாய் மண்டியில் மூட்டை எடை போட்டார், நான் பெட்டி எடை போடப் போனேன். தும்மல் இல்லை என்பது ஒன்றுதான் முன்னேற்றம். மைனாவின் திறப்பு விழாவுக்குப் பெரிய கம்பெனியின் அதிகாரி ஒருவர் மும்பையிலிருந்து வந்து கேக் வெட்டினார். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் மும்பை சார். "மைனா நன்றாகப் பறக்கட்டும், நீங்கள் எல்லோரும் பெரிய கம்பெனி ஆட்களாகிவிடுவீர்கள்" என்றார். பெரிய கம்பெனி ஆள் என்றால் நிரந்தர வேலை, நீலக் கோட்டு, குடும்பத்துக்கே மருத்துவ அட்டை. எங்கள் லோடர்களுக்குத் தலைவர் செல்வின் அண்ணன், பாறசாலைக்காரர். ஊரார் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி அப்போதே முதுகெலும்பில் தட்டு விலகியிருந்தது. அந்த அட்டை முதுகு ஆபரேஷனுக்குச் செல்லுமா என்று கேட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார். செல்லும் என்றார் மும்பை சார். அதற்குப் பிறகுதான் செல்வின் அண்ணன் கேக்கை வாயில் வைத்தார்.

ஒரு விமானம், இரண்டு பெயர்

எங்கள் விமானம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நம்பர் உண்டு. ஒன்று மைனா நம்பர், இன்னொன்று பெரிய கம்பெனி நம்பர். டிக்கெட்டில் பெரிய கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். மைனாவின் பெயரைப் படிக்க, மருந்து அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கிற கண் வேண்டும். சரி, மைக்கில் எந்தப் பெயரைச் சொல்லிப் பயணிகளைக் கூப்பிடுவது? இதற்காகவே மும்பை சார் எங்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தார்.

விதி சுலபமானது. விமானம் நேரத்துக்குக் கிளம்பினால் பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்ல வேண்டும். தாமதமானாலோ ரத்தானாலோ, 'மைனா ஏர் வருந்துகிறது' என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் யாராவது எழுத்தில் தருவார்களா? எல்.கே.ஜி. பாட்டு மாதிரி எங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தே மனதில் ஏற்றினார். வெளியே வந்து கொதிப்போடு செல்வின் அண்ணனிடம் சொன்னேன். அவருக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை.

"இதுல என்ன புதுசு பிள்ளே? மார்க் வாங்கினா அப்பன் பிள்ள, தோத்தா அம்ம பிள்ள. எல்லா வீட்டுலயும் உள்ளதுதானே."

மருந்தடிக்கிற விமானம்

வித்துராவுக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், டில்லியில் இருக்கும் மகனைப் பார்க்க மனைவியோடு கிளம்பி வந்தார். பழவங்காடியில் டிராவல்ஸ்காரர் அவருக்குக் காட்டிய படத்தில் இருந்தது பெரிய கம்பெனியின் ஜெட். எங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பார்த்தால், இரண்டு இறக்கையிலும் காற்றாடி வைத்த மைனா நிற்கிறது. மனிதர் பஸ் கம்பியை விடவே இல்லை. "நான் பணம் கட்டினது அந்த ப்ளேனுக்கு. இது எங்க எஸ்டேட்டுல மருந்தடிக்க வர்ற சாதனம்ல்லா?" என்றார்.

நான் கெஞ்சினேன். இது மைனா விமானம் என்று உண்மையைச் சொல்லலாமென்றால், அன்று விமானம் நேரத்துக்குக் கிளம்புகிறது. விதிப்படி அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. பெரிய கம்பெனி விமானம் என்றால் அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். பெரிதாக எதுவும் கண்ணெதிரே இல்லையே! அதற்குள் படியேறிவிட்ட நாலு பேர் வேடிக்கை பார்க்கத் திரும்பி இறங்கினார்கள். கடைசியில் அவர் மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் கால் வைத்தாள்.

"பொன்முடி மலை வளைவுல ஜீப்புக்குப் பின்னால தொங்கிக்கிட்டே காலத்த ஓட்டின மனுசனுக்கு, இப்ப ஃபேனப் பாத்துப் பயமாக்கும்? பெரிய ப்ளேன்தான் வேணும்னா அது நிக்கிற எடம் வரைக்கும் நடந்து வாரும். நான் ஏறுதேன்."

கோல்டு கார்டு

சின்ன விமானத்தில் ஆள் குறைவாக இருந்தால் யார் எங்கே உட்காருவது என்பது பயணியின் இஷ்டமில்லை. எல்லோரும் முன்னால் குவிந்துவிட்டால் மூக்குப் பக்கம் கனத்துவிடும். சிலரைப் பின்வரிசைக்கு அனுப்பினால்தான் கேப்டன் எஞ்சினைப் போடுவார். அன்றைக்கு முதல் வரிசையில் இருந்தவர் ஒரு காண்டிராக்டர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நல்ல ஆகிருதி. பெரிய கம்பெனி அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் கோல்டு கார்டு வைத்திருக்கிறார். பின்னால் போக முடியுமா சார் என்று கேட்டதும் கார்டை என் மூக்குக்கு நேராக நீட்டினார். பெரிய கம்பெனியில் தனக்கு என்ன மரியாதை தெரியுமா என்று ஆரம்பித்து, என் வேலை நாளைக்கு இருக்காது என்பதுவரை வந்தார். இருக்கிற வேலையே இருக்கிற மாதிரி இல்லை சார் என்று சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, ஸாரி சொன்னேன்.

கடைசியில் கேப்டனே வெளியே வந்து கும்பிட்டார். அதற்கப்புறம் மனிதர் எழுந்து போய்க் கடைசி வரிசையில் விழுந்தார், முகம் கடுகடுவென்று. அவருடைய போன் அடித்தது. நான் கதவருகே நின்று, தலைமை அலுவலகத்துக்குப் புகார் போகிறது என்று நினைத்துக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஆமா, ஃபிளைட்லதான் இருக்கேன். நான் பின்னால வந்து இருந்தாத்தான் இது மேல பொங்கும்னு கேப்டனே நேர்ல வந்து பறஞ்ஞு. பின்ன என்ன செய்ய, ஆளுங்க ஊர் போய்ச் சேரண்டே?"

ஜெர்மனிக்குப் போன கல்

நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள், ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போகும் மகளை அனுப்ப வந்திருந்தார். பெட்டி கையளவுதான், எடை மட்டும் மேலே மேலே போகிறது. அனுமதித்த எடைக்குள் கொண்டுவர மகள் ஸ்வெட்டரை எடுத்தாள், புத்தகத்தை எடுத்தாள், ஷூவை எடுத்தாள். அம்மா ஒன்றை மட்டும் எடுக்க விடவில்லை. உள்ளே இருந்தது ஒரு அம்மி. அங்கே மிக்ஸி கிடைக்குமே என்றேன். மிக்ஸியில் அரைத்த சம்மந்தித் துவையலை மனுஷன் தின்பானா என்று என்னைப் பாவமாகப் பார்த்தார்.

அந்தப் பெட்டியைச் செல்வின் அண்ணன் தூக்கினார். கையளவு பெட்டிதானே என்று ஒரு கையால் தூக்கியவர் பாதியில் அப்படியே நின்றுவிட்டார். நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. சட்டைக்குள் அவர் கட்டியிருந்த இடுப்பு பெல்ட் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் அண்ணா என்று நான் சொல்லாத நாள் கிடையாது. போக மாட்டார். பெரிய கம்பெனி ஆள் எடுக்கும்போது உடல் தகுதி பார்க்கும், முதுகில் கோளாறு என்று எங்காவது பதிந்துவிட்டால் கழித்துவிடும். முதுகைச் சரிசெய்ய அட்டை வேண்டும், அட்டை கிடைக்கும்வரை முதுகு சரியாக இருப்பதாக நடிக்க வேண்டும். எனக்கு அன்று வந்த கோபத்துக்கு அந்த அம்மியை ஜெர்மனிக்கு அல்ல, மும்பைக்கு அனுப்பியிருப்பேன். அந்த அம்மாள் பதறிக்கொண்டு ஓடிவந்தார். பரவாயில்லை, ஒரு நல்ல மனுஷி என்று நினைத்தேன்.

"பத்திரமாட்டு எடுங்கோ அண்ணா! எங்கம்ம காலத்துக் கல்லாக்கும், விழுந்தா உடஞ்சிரும்."

சட்டை மாறியது

முதலில் எங்களுக்கு மஞ்சள் சட்டை, நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மைனா. அப்புறம் 'மைனா கனெக்ட்' என்று பெயர் மாறியது. சட்டை பாதி மஞ்சள், பாதி பெரிய கம்பெனியின் நீலம். மைனா தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது. அதற்கும் அப்புறம் பெரிய கம்பெனியின் பெயரை முன்னால் போட்டு, 'ரீஜனல்' என்று பின்னால் சேர்த்தார்கள். முழு நீலச் சட்டை. மைனா காலர் பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியாக உட்கார்ந்திருந்தது, கொசு என்று நினைத்து ஒரு பயணி தட்டிவிடப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பெயின்டர் ஏணி போட்டுப் பலகையை மாற்றுவார், மும்பை சார் கேக் வெட்டுவார், "இன்னும் கொஞ்சம்தான்" என்பார். செல்வின் அண்ணன் தலையாட்டுவார்.

ஒன்று மட்டும் மாறவில்லை. பலகையிலிருந்து போன பெயர் மைக்கில் போகவில்லை. தாமதம் என்றால் 'மைனா ஏர் வருந்துகிறது' என்பதுதான் விதி, அதை அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நல்ல பெயரை எடுத்துக்கொண்டு, வருத்தத்தை மட்டும் மைனாவிடம் விட்டுவைத்தார்கள். முழு நீலச் சட்டையோடு வீடு திரும்பிய அன்று, எங்கள் தெருமுனைக் கயிற்றுக்கடை அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். புதுக் கம்பெனியா என்று கேட்டார். அதே கம்பெனிதான் அண்ணாச்சி, சட்டைதான் புதுசு என்றேன்.

"கம்பெனிக்காரன் வரும்போதெல்லாம் சட்டையத்தான் மாத்துதான். சம்பளம் மாறிச்சா பிள்ளே?"

ஆறாட்டு

ஒருநாள் மும்பை சார் அறிவித்தார்: எந்த ஊர் மைனா நேரம் தவறாமல் பறக்கிறதோ, அந்த ஊர் ஆட்களைப் பெரிய கம்பெனி எடுத்துக்கொள்ளும். எங்கள் ஸ்டேஷன் மேனேஜர் தாமஸ் சாருக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கழிவறைக்குப் போன பயணிகளைக் கதவுக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். செல்வின் அண்ணன் முதுகுவலியோடு ஓடினார், நான் மூச்சு விடாமல் பெட்டிகளுக்கு டேக் ஒட்டினேன். எங்கள் ஊர் பட்டியலில் மேலே வந்தது. செல்வின் அண்ணன் எந்த ஆஸ்பத்திரியில் முதுகு டாக்டர் நல்லவர் என்று விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் பங்குனி ஆறாட்டு வந்தது. எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். வருஷத்தில் இரண்டு நாள், கோட்டைக்குள் பள்ளிகொண்டிருக்கும் பெருமாள் ஊர்வலமாகச் சங்குமுகம் கடலுக்கு நீராடப் போவார். போகிற வழி எங்கள் ரன்வேயின் குறுக்கே. அந்த வழி முதலில் வந்தது, ரன்வே பிறகு வந்தது. அதனால் அன்று சாயங்காலம் விமானங்கள்தான் ஒதுங்கி நிற்கும். முன்கூட்டியே எல்லாக் கம்பெனிகளுக்கும் அறிவிப்பு போய்விடும், அவர்களும் நேரத்தை மாற்றிக்கொள்வார்கள். எங்களுக்கு நேரம் போட்டுத் தருவது மும்பை. பெங்களூரில் பெரிய விமானத்துக்கு ஆள் வேண்டும் என்று, சரியாக ஊர்வலம் கடக்கிற நேரத்தில் எங்கள் விமானத்தைப் போட்டுவிட்டார்கள். தாமஸ் சார் சொல்லிப் பார்த்தார். ஊர்வலத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்க முடியுமா என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் மைனா கதவைச் சாத்திக்கொண்டு நின்றது. கண்ணாடி வழியே பயணிகள் யானையைப் பார்த்தார்கள், வாகனத்தில் போகும் சாமியைப் பார்த்தார்கள். கும்பிட்டவர்கள் பாதி, செல்போனில் படம் எடுத்தவர்கள் பாதி. என் வேலைக் காலத்தில் தாமதத்துக்காக ஒருவர்கூட என்னைத் திட்டாத நாள் அது ஒன்றுதான். திட்டியவர் மும்பை சார் மட்டும். தாமதத்துக்குக் காரணம் கேட்டார். அவருடைய கம்ப்யூட்டரில் நாலே காரணங்கள்: வானிலை, எஞ்சின், பைலட், ஸ்டேஷன். பெருமாளுக்கு இடமில்லை. அதனால் ஸ்டேஷன் தவறு என்று போட்டார். பெங்களூரில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்ட அத்தனை பேரும் எங்கள் தலையில் விழுந்தார்கள். தாமஸ் சார் போனில் மன்றாடினார். மும்பை சார், சரி, அந்த ஊர்வலத்தை நடத்துபவரின் நம்பரைக் கொடுங்கள், நானே பேசி அடுத்த முறை நேரத்தை மாற்றுகிறேன் என்றார். அதுவரை பவ்யமாக நின்று பேசிக்கொண்டிருந்த தாமஸ் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆளுக்கு நம்பர் இல்ல சார், நேரில போய்த் தொழணும். நான் கிறிஸ்தியானி, எனக்கு உள்ள போக முடியாது. வேணும்னா லதாவ விடுறேன்."

கடைசி விமானம்

சில மாதங்களில் செய்தி வந்தது. மைனா இனி இல்லை. விமானங்களைப் பெரிய கம்பெனி எடுத்துக்கொண்டது. வழித்தடங்களை எடுத்துக்கொண்டது. எங்கள் கவுண்டரில் இருந்த எடை மெஷினைக்கூட எடுத்துக்கொண்டது. ஆட்களில், நேரம் தவறாத ஊர்க்காரர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. எங்கள் ஊர் மயிரிழையில் தவறியது, அந்த ஒரு சாயங்காலத்தால். எங்களை ஒரு காண்டிராக்ட் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். அதே கவுண்டர், அதே பெட்டிகள், பெரிய கம்பெனிக்கே வேலை, ஆனால் பெரிய கம்பெனி ஆட்கள் இல்லை. செல்வின் அண்ணனுக்கும் ஒரு அட்டை கொடுத்தார்கள். அதைக் காட்டினால் கேன்டீனில் சாயா கிடைக்கும். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று நான் கவுண்டருக்குப் பின்னால் குனிந்து அழுதேன். பயணிகள் பேனாவைத் தேடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

மைனாவின் கடைசி விமானத்தை வழியனுப்ப மும்பை சார் வந்தார், கையில் கேக்கோடு. அன்றைக்கென்று மழை இல்லை, எஞ்சினில் கோளாறு இல்லை, பைலட்டின் வயிறும் நன்றாக இருந்தது. விமானம் நிரம்பியிருந்தது. நேரத்துக்குக் கிளம்புகிறது என்றால் விதி தெரியுமே, பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பெட்டிகளை ஏற்றிவிட்டு செல்வின் அண்ணன் கேட் பக்கம் வந்து, இடுப்பில் கை வைத்துக் கண்ணாடியில் சாய்ந்து நின்றார். என்னைப் பார்த்தார். நான் மைக்கை எடுத்தேன். "மைனா ஏர் பெங்களூர் விமானம் புறப்படத் தயாராக இருக்கிறது" என்று மலையாளத்தில் சொன்னேன், இங்கிலீஷில் சொன்னேன், யாரும் கேட்காத தமிழிலும் சொன்னேன். ஒரு எழுத்தைக்கூட விழுங்கவில்லை. செல்வின் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார், சிரித்தால் முதுகு வலிக்கும் என்று தெரிந்தும்.

மும்பை சார் கேக் தட்டை அப்படியே போட்டுவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் ஓடிவந்தார். எவ்வளவு நேரம் தாமதம் என்று கேட்டார். தாமதமே இல்லை சார், சொன்ன நேரத்துக்குத்தான் கிளம்புகிறது என்றேன். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"பின்னே எதற்கு மைனா என்று சொன்னீர்கள்?"

எத்தனையோ தாமதங்களுக்கு ஸாரி சொல்லித் தேய்ந்த இந்த வாய், நேரத்துக்குப் போன ஒரு விமானத்துக்கும் ஸாரி சொல்லிவிட்டுத்தான் மைனாவிலிருந்து ஓய்வு பெற்றது.